ரெட்வுட் காட்டில் எதைப் பார்ப்பது: சாண்டா க்ரூஸ் மலைப் பூங்காக்களுக்கு ஒரு கையேடு

கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் மலைகளில் இருக்கும் ரெட்வுட் காடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மரம் ரொம்ப உயரம் என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் தங்குவதில்லை. ஆனால் இங்கே பார்க்க வேண்டியவற்றில் பாதி கண்ணுக்கு நேரேயும் காலடியிலும் கிடக்கிறது. எந்த மரத்தைத் தீ தொட்டது, எதைக் கோடரி தொட்டது, எது ஏன் தப்பியது என்பதெல்லாம் பட்டையிலும் அடிக்கட்டையிலும் அப்படியே பதிந்திருக்கிறது. அந்தத் தடங்களை அடையாளம் காண்பது கடினமில்லை. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

இதற்கு மூன்று இடங்களைப் பரிந்துரைக்கிறோம்: ஃபெல்டன் ஊரை ஒட்டிய ஹென்றி கவல் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க், அதே பூங்காவின் தனிப் பகுதியான ஃபால் க்ரீக், அங்கிருந்து வடமேற்கே பிக் பேசின் ரெட்வுட்ஸ் ஸ்டேட் பார்க். இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் வெட்டப்படாத தோப்பு, அடுத்து வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்த காடு, கடைசியில் 2020-இல் எரிந்த காடு. முழுக் காடு எப்படி இருக்கும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளாமல் நேரே பிக் பேசினுக்குப் போனால், அங்கே எது மாறியிருக்கிறது என்பதே பிடிபடாது. காலை 8 மணிக்கு ஃபெல்டனில் இருக்க முடிந்தால் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாம். சிறு பிள்ளைகளோ ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ கூட இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஃபால் க்ரீக்கில் ஏற்றம் உண்டு. மற்ற இரண்டிலும் முக்கியமான பாதைகள் சமதளம்.

கிளம்பும் முன்

பலரும் ஏமாறுவது பாஸ் விஷயத்தில். யோசெமிட்டி, மியூர் வுட்ஸ் போன்ற இடங்களுக்குச் செல்லும் தேசியப் பூங்கா வருடாந்தர பாஸ் ஸ்டேட் பார்க்குகளில் செல்லாது. இவை மாநில அரசின் பூங்காக்கள், கட்டணம் தனி. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஊர் நூலகத்தில் விசாரியுங்கள். நூலக அட்டையைக் காட்டி ஸ்டேட் பார்க் வாகன பாஸைப் புத்தகம் போல இரவல் வாங்கும் திட்டம் ஒன்று உண்டு. காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் என்பதால் சில வாரங்கள் முன்பே பதிந்துவிடுங்கள். நீங்கள் போகும் பூங்கா அந்த பாஸை ஏற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக் பேசினில் தீக்குப் பிறகு பார்க்கிங் மிகவும் குறைவு. வார இறுதியில் போவதாக இருந்தால் முன்பதிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். முந்தைய நாள் மாலை பூங்காவின் இணையப் பக்கத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பாருங்கள். எரிந்த பகுதிகளில் பாலங்களும் பாதைகளும் படிப்படியாகத்தான் திறக்கப்படுகின்றன. பழைய பயணக் கட்டுரைகளை நம்பிப் போனால் பாதி வழியில் தடுப்பைப் பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

மலைக்குள் போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை வீட்டிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்; முன்பதிவுச் சீட்டையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள். பிக் பேசினுக்கு நெடுஞ்சாலை 9 வழியாக போல்டர் க்ரீக் ஊருக்கு வந்து, அங்கிருந்து 236-இல் 9 மைல் போவது நல்லது. 236-இன் வடக்குப் பாதி வழியாகவும் வரலாம். ஆனால் அது சில இடங்களில் ஒரே வண்டி போகும் அகலத்தில் வளைந்து வளைந்து போகும். காரில் வாந்தி வருகிறவர்கள் அந்தப் பக்கம் வேண்டாம். பெட்ரோல், குடிநீர், சாப்பாடு எல்லாவற்றையும் ஃபெல்டனிலோ போல்டர் க்ரீக்கிலோ முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர்.

உடுப்பு விஷயத்தில் இரண்டு இடங்களும் நேர் எதிர். ஹென்றி கவல் தோப்பில் ஜூலை மாதக் காலையிலும் ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம். பிக் பேசினில் மேல்விதானம் எரிந்து போனதால் நண்பகலில் தலைக்கு நேரே வெயில். நிழலான காடு என்று நினைத்துத் தொப்பியில்லாமல் வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் தயாராகப் போங்கள்.

ஹென்றி கவல்: முழுக் காட்டின் அளவுகோல்

நெடுஞ்சாலை 9 நுழைவாயிலில் இருந்து நேரே உள்ளே போனால் வரவேற்பு மையம். அதை ஒட்டித் தொடங்குகிறது ரெட்வுட் தோப்புச் சுற்றுப்பாதை. 0.8 மைல், முழுக்கச் சமதளம். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போகும். நடந்தால் 20 நிமிடம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாதையில் இறங்கும் முன், வரவேற்பு மையத்தின் அருகே வைத்திருக்கும் மரக் குறுக்குவெட்டின் முன் நில்லுங்கள். வெளிப்புறம் வெளிறு எனப்படும் வெளிர் மரம், உள்ளே வைரம் எனப்படும் சிவந்த நடுமரம். அந்தச் சிவப்பில் இருக்கும் துவர்ப்புச் சத்துதான் பூச்சியையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆண்டு வளையத்திலும் அகலமான வெளிர்ப் பகுதி வசந்தத்தில் வளர்ந்தது, மெல்லிய கருங்கோடு கோடை முடிவில் வளர்ந்தது. வளையங்கள் நெருக்கமாக இருந்தால் வறட்சி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பக்கத்து மரத்தின் நிழலில் நின்றாலும் வளையம் நெருங்கும். பக்கத்து மரம் விழுந்து வெளிச்சம் வந்ததும் சட்டென்று அகலும். ஒரு இடத்தில் வளையக் கோடு உள்நோக்கி மடிந்து, மேலே புது மரம் சுருண்டு மூடியிருந்தால் அது தீக்காயம். விரலால் அந்த மடிப்பிலிருந்து வெளிப்புறம் வரை எண்ணினால், மரம் விழுவதற்கு எத்தனை ஆண்டு முன்பு அந்தத் தீ வந்தது என்று தெரியும்.

தோப்புக்குள் வந்ததும் கிழ மரத்தையும் இள மரத்தையும் பிரித்தறியப் பழகுங்கள். தடிமனை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். ஆற்றோரத்தில் நல்ல மண்ணில் நிற்கும் 100 வயது மரம், மேட்டில் நிற்கும் 400 வயது மரத்தைவிடப் பருத்திருக்கலாம். பட்டையைப் பாருங்கள். கிழ மரத்தின் பட்டை சாம்பல் பூத்து, கை நுழையும் ஆழத்துக்கு நெடுக்கப் பிளந்திருக்கும். ஒரு அடி தடிமன்கூட உண்டு. இள மரத்தின் பட்டை சிவந்து, மெல்லிய நாராக உரியும். பிறகு உச்சியைப் பாருங்கள். இளசு கூம்பாக, ஒழுங்காக இருக்கும். கிழம் உச்சி உடைந்து, பட்ட கொம்புகள் நீட்டி, பக்கவாட்டில் புதுத் தண்டுகள் எழும்பி, ஒழுங்கே இல்லாமல் நிற்கும். முதல் கிளை எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்பது மூன்றாவது அடையாளம்.

தோப்பிலேயே டக்ளஸ் ஃபிர் மரங்களும் உண்டு. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். கீழே விழுந்திருக்கும் காயை எடுத்துப் பாருங்கள். ரெட்வுட் காய் ஓர் அங்குலம்தான், ஆலிவ் அளவு. உள்ளே இருக்கும் விதை தக்காளி விதை அளவு. உலகிலேயே உயரமான மரம் இந்தச் சாதியைச் சேர்ந்தது. அது வடக்கே ஹம்போல்ட் பக்கம் 380 அடிக்கு நிற்கிறது. அதற்கு இவ்வளவு சின்ன விதை. டக்ளஸ் ஃபிர் காய் பெரியது. செதில்களுக்கு இடையிலிருந்து மூன்று நுனியுள்ள சிறு வால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது.

ஃப்ரீமான்ட் மரம் என்று பலகை வைத்த மரத்தின் அடியில் பொந்து இருக்கிறது. குனிந்து உள்ளே போகலாம். போனவுடன் ஃபிளாஷ் அடிக்காமல் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகியதும் உள்சுவர் முழுக்கக் கரியாக இருப்பது தெரியும். 1846-இல் ஜான் ஃப்ரீமான்ட் என்ற ராணுவ அதிகாரி இதற்குள் தங்கினார் என்பது கதை. பல ஆண்டுகள் கழித்து அவரிடமே கேட்டபோது, நல்ல கதைதான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னதாகப் பூங்காவில் சொல்வார்கள். மரத்துக்குள் இவ்வளவு பெரிய குடைவு இருந்தும் அது எப்படி உயிரோடு நிற்கிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. தீ ஒரு பக்கம் பட்டையைத் தின்று உள்ளே புகும், பூஞ்சை அந்த வழியாக வைரத்தை மெல்ல அரிக்கும், அடுத்த தீ அரித்ததை எரித்துப் பொந்தைப் பெரிதாக்கும். வைரம் மரத்தைத் தாங்கி நிற்கும் உயிரற்ற பகுதி. உயிர் ஓடுவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் அடுக்குகளில்தான். சுற்றளவில் கொஞ்சம் எஞ்சினாலும் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

பாதையோர மரவேலியைத் தாண்டிப் போய் மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்காதீர்கள். ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது. வேர் 6 முதல் 12 அடி ஆழத்துக்குள்ளேயே நின்று, பக்கவாட்டில் 100 அடி வரை ஓடும். ஆயிரம் பேர் மிதித்த மண் இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. வேலியின் இரு பக்கமும் தரையை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே புளியாரை மெத்தையாகப் படர்ந்திருக்கும். வெளியே வெறும் கட்டாந்தரை.

புளியாரை என்றது நம் ஊர்ப் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த ரெட்வுட் சொரெல். அதே மூன்று இதய வடிவ இலைகள், அளவில் பெரியவை. மேலிருந்து வெயில் பொட்டு ஒன்று இறங்கி இலைமேல் விழும் இடத்தைத் தேடிப்பிடித்து, உட்கார்ந்து பாருங்கள். சில நிமிடங்களில் மூன்று இலைகளும் நடுநரம்பில் மடிந்து குடை போலக் கீழே சாயும். வெயில் நகர்ந்த பின் அரை மணி நேரத்துக்குள் மெல்ல விரியும். மங்கிய வெளிச்சத்திலேயே உணவு தயாரிக்கப் பழகிய செடி அது. நேர் வெயில் அதைப் பொசுக்கிவிடும். பிள்ளைகளை இந்த இடத்தில் உட்கார வைத்தால் அவர்களாகவே நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

கோடையில் காலை 9 மணிக்கு முன் வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். மழையே இல்லாத மாதம், பார்க்கிங் தரை உலர்ந்திருக்கும், மரத்தடி மட்டும் ஈரமாக இருக்கும். பசிபிக் கடலிலிருந்து ஏறி வரும் மூடுபனி ஊசியிலைகளில் படிந்து சொட்டுவதுதான் காரணம். வட கலிஃபோர்னியாவில் அளந்து பார்த்ததில், ரெட்வுட் காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருகிறது. இந்த மரங்கள் கடற்கரையை ஒட்டிய ஒரு பட்டையைத் தாண்டி உள்நாட்டில் வளராததற்கு இதுவே முக்கியக் காரணம்.

இலை முழுக்க வெள்ளையாக, பச்சையமே இல்லாத ரெட்வுட் கன்றுகளும் இந்தப் பூங்காவில் உண்டு. தாய்மரத்தின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வாழ்பவை. தன்னார்வ வழிகாட்டிகளிடம் கேட்டால் காட்டுவார்கள்.

இந்தத் தோப்பு தப்பிய கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1867-இல் ஜோசப் வெல்ச் என்பவர் மரம் வெட்டுபவர்களுக்கு முன்பே இதை வாங்கி, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடும் உல்லாச விடுதியாக நடத்தினார். 1903-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்தபோது, மரங்களில் ஆணியடித்து மாட்டியிருந்த பெயர் அட்டைகளைப் பார்த்துக் கடிந்துகொண்டார். 1930-இல் சாண்டா க்ரூஸ் கவுண்டி தோப்பை வாங்கியது. கவல் குடும்பம் தன் நிலத்தைக் கொடுத்த பின் 1954-இல் இரண்டும் சேர்ந்து ஸ்டேட் பார்க் ஆயின. வெல்ச் குடும்பம் காசுக்காகத்தான் இதைக் காத்தது. ஆனாலும் அது இல்லாவிட்டால் இங்கே நிற்பது வெறும் கட்டைகள்தான்.

ஃபால் க்ரீக்: காளவாய்க்குப் போன காடு

ஃபெல்டனில் இருந்து எம்பயர் சாலையில் சில நிமிடம் மேலே போனால் வலப்பக்கம் சிறிய மண் பார்க்கிங். பலகை சின்னது, வேகமாகப் போனால் தவறவிடுவீர்கள். ஓடையை ஒட்டிக் கீழே இறங்கி, தெற்குக் கிளையோரம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றேகால் மைலில் சுண்ணாம்புக் காளவாய்கள். போய்வர இரண்டு மணி நேரம். பாதை ஈரமாக, வேர்கள் துருத்திக்கொண்டு இருக்கும், செருப்பு வேண்டாம்.

இங்கே தலைநிமிர்ந்து பார்க்க அதிகம் இல்லை. அடிக்கட்டைகளைப் பாருங்கள். தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வெட்டுவாய் இருக்கும் பெரிய கட்டை ஒன்றைக் கண்டுபிடியுங்கள். அதன் பக்கத்தில் அஞ்சல் பெட்டித் துளை போன்ற பள்ளம் தெரியும். அடிமரம் அகன்று பருத்திருப்பதால் அங்கே ரம்பம் எட்டாது. அதனால் அந்தப் பள்ளத்தைக் கோடரியால் கொத்தி, இரும்பு முனை வைத்த பலகையைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று வெட்டினார்கள். முதலில் விழ வேண்டிய பக்கத்தில் கோடரியால் வாய் திறந்து, பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேர் இழுக்கும் ரம்பம், ஆப்பு. ரெட்வுட் எளிதில் நொறுங்கும் மரம் என்பதால் விழும் இடத்தில் கிளைகளையும் மண்ணையும் பரப்பி மெத்தை போடுவார்கள். மெத்தை தவறினால் மரம் சிதறி விறகாகிவிடும்.

கட்டையைச் சுற்றி வட்டமாக நிற்கும் மரங்கள் அதே மரத்தின் தூர்கள். அடியில் இருக்கும் முடிச்சுப் புடைப்பில் உறங்கிக்கிடந்த மொட்டுகள், தண்டு போனதும் வெடித்து எழுந்தவை. எனவே வட்டத்தின் வயது, மரம் வெட்டப்பட்டதிலிருந்து ஆன ஆண்டுகள். கட்டை மட்கிப் போய், நடுவில் வெறும் வெற்றிடத்தோடு வட்டம் மட்டும் நிற்கும் இடங்களும் உண்டு. ஒரு வட்டத்துக்குள் நின்று எதிரெதிர் மரங்களுக்கு இடையே எத்தனை அடி என்று எட்டி வைத்துப் பார்த்தால், போன மரத்தின் அளவு பிடிபடும். புதுத் தூர்கள் கட்டையின் வெளியோரத்தில் முளைப்பதால் கிடைக்கும் அளவிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மரங்களில் பெரும்பகுதி போன இடம் காளவாய்களின் வாய். 1874-இல் இங்கே சுண்ணாம்புக் கம்பெனி தொடங்கியது. 1900-இல் ஹென்றி கவல் அதை வாங்கினார். பாசி படர்ந்த கற்சுவர்களில் மூன்று காளவாய்கள் வரிசையாக இருக்கின்றன. மேலே மலைச்சரிவில் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம். கல்லை அடுக்கி, நாட்கணக்கில் விறகு போட்டு, 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கரியமிலவாயு வெளியேறி நீறாத சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ தூய கல்லுக்கு 56 கிலோதான் தேறும். அது ஈரம் பட்டால் கொதித்துச் சூடேறி, மரப் பீப்பாயையே பற்றவைத்துவிடும். அதனால் பீப்பாய்கள் இறுக்கமாக இருந்தாக வேண்டும். அதற்கென்றே வடக்குக் கிளையில் பீப்பாய் ஆலை வைத்தார்கள். கல், விறகு, பீப்பாய்க்கு மரம், ஆலை ஓட்டத் தண்ணீர் நான்கும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்ததுதான் இந்த இடத்தின் வசதி. காட்டுக்கு அதுவே கேடாக முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவின் செங்கல் கட்டடங்களுக்குச் சாந்து இந்த மலைகளிலிருந்து போனது. போர்ட்லண்ட் சிமெண்ட் பரவியதும் வேலை நின்றது. காளவாய்ச் சுவர்மேல் ஏறாதீர்கள். கற்கள் கட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

பாதையோரத்தில் பாய்சன் ஓக் கவனம். அதன் எண்ணெய் தோலில் பட்டால் அரிக்கும். மூன்று மூன்றாக, ஓரம் வளைந்த இலைகள். இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவந்து நிற்கும், பறிக்கத் தோன்றும். மா, முந்திரி, சேங்கொட்டை குடும்பத்தைச் சேர்ந்தது இது. மாங்காய்ப் பால் பட்டால் புண்ணாகிறவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறும் குச்சியிலும் எண்ணெய் இருக்கும். தொட்டுவிட்டால் சோப்பும் குளிர்ந்த நீரும் போட்டு உடனே கழுவுங்கள், துடைத்தால் போகாது. அரிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். உடையையும் ஷூ நாடாவையும் தனியாகத் துவைக்க மறக்காதீர்கள். அதில் ஒட்டிய எண்ணெய் வாரக்கணக்கில் காத்திருக்கும். மழைக்காலத்தில் பாதையில் ஊரும் மஞ்சள் நிற வாழைப்பழ நத்தைகளையும் தொட வேண்டாம். கையில் இருக்கும் சன்ஸ்கிரீன் அவற்றின் தோலுக்கு ஆகாது.

பிக் பேசின்: எரிந்த பின்

1900-ஐ ஒட்டி, சான் ஹோசேயைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹில் என்ற ஓவியரும் புகைப்படக்காரருமானவர் ஒரு லண்டன் பத்திரிகைக்காக வெல்ச் தோப்பில் படம் எடுத்தார். இது தனியார் இடம், கண்ணாடித் தகடுகளைக் கொடு என்று கேட்டு உரிமையாளர் விரட்டினார். ஹில் தகடுகளோடு திரும்பிவந்து, இந்த மரங்கள் பொதுச் சொத்தாக வேண்டும் என்று பிரசாரம் தொடங்கினார். 1900 மே மாதம் ஒரு குழு பிக் பேசினில் முகாமிட்டது. மே 18 அன்று அங்கேயே செம்பர்வைரன்ஸ் சங்கம் பிறந்தது. நன்கொடைக்காகத் தொப்பியைச் சுற்றிவிட்டதில் சேர்ந்தது 32 டாலர். கேரி ஸ்டீவன்ஸ் வால்டர், ஜோசஃபின் மெக்கிராக்கின் போன்ற பெண்களின் எழுத்தும், சாண்டா கிளாரா கல்லூரித் தலைவர் பாதிரியார் கென்னாவின் செல்வாக்கும் சேர்ந்து அடுத்த ஆண்டே 2,50,000 டாலருக்குச் சட்டம் நிறைவேறியது. 1902-இல் 3,800 ஏக்கரோடு பூங்கா உருவானது. இன்று கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டேட் பார்க்குகளில் பழையது இதுதான். பரப்பு 18,000 ஏக்கரைத் தாண்டிவிட்டது.

2020 ஆகஸ்ட் 16 அன்று வறண்ட இடிமின்னலில் தொடங்கிய தீ, 18-ஆம் தேதி இரவு பூங்காவுக்குள் புகுந்தது. 97 சதவீதம் எரிந்தது. 1936-இல் கட்டிய மரத்தாலான தலைமையகத்தில் படிக்கட்டு மட்டுமே மிஞ்சியது. 2022 ஜூலை 22 அன்று ஒரு பகுதி திறக்கப்பட்டது.

இவ்வளவு கடுமையான தீக்குப் பின்னணி நீண்டது. இந்த மலைகளில் வாழ்ந்த அவஸ்வாஸ் மொழி பேசிய மக்கள் புல்வெளிகளையும் காட்டோரங்களையும் திட்டமிட்டுச் சிறு சிறு தீயாக எரித்துவந்தார்கள். 1791-இல் சாண்டா க்ரூஸ் மிஷன் என்ற ஸ்பானியக் கிறிஸ்தவ மடம் தொடங்கி அவர்கள் அதற்குள் இழுக்கப்பட்டார்கள். 1793-இல் ஸ்பானிய ஆளுநர் அரில்யாகா எரிப்பதையே தடை செய்தார். பிற்பாடு வந்த அரசும் எந்தத் தீயையும் உடனே அணைப்பதே கொள்கை என்று வைத்தது. சருகும் புதரும் சேர்ந்துகொண்டே போயின. அந்தப் பழங்குடி மக்களின் வழித்தோன்றல்களுக்காகப் பேசும் அமா முட்சுன் பழங்குடி அமைப்பு இப்போது இந்த நிலங்களின் பராமரிப்பில் பங்கெடுக்கிறது.

ரெட்வுட் சுற்றுப்பாதை 0.6 மைல். முதல் பார்வைக்கு மரங்கள் செத்தவை போலத் தெரியும். நெருங்கிப் பாருங்கள்: கிளைகள் எரிந்துபோன தண்டில் அடி முதல் நுனி வரை பச்சைத் தளிர் அடர்ந்து, மரம் புட்டி கழுவும் பிரஷ் போல நிற்கும். பட்டைக்கு அடியில் உறங்கிய மொட்டுகள் இவை. சில நூற்றாண்டுகளாகக் காத்திருந்தவை. 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தத் தளிர்களைக் கட்டப் பயன்பட்ட சர்க்கரையை மரம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தயாரித்துச் சேமித்திருந்தது என்று காட்டியது. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தளிரும் இல்லாமல் நிற்பவை டக்ளஸ் ஃபிர்கள். அவற்றால் இப்படித் தழைக்க முடியாது. ஹென்றி கவலில் காயை வைத்துப் பிரித்த இரண்டு சாதிகளை இங்கே அரை மைல் தூரத்திலிருந்தே பிரித்துவிடலாம்.

2020 கரியையும் பழைய கரியையும் பிரிக்க, பட்டையைக் கூர்ந்து பாருங்கள். புதியது பளபளக்கும் கறுப்பு, சிறு கட்டங்களாக வெடித்திருக்கும். பழையது மங்கி, பாசி ஏறி, ஓரத்தில் புது மரம் சுருண்டு மூடத் தொடங்கியிருக்கும். பல பொந்துகளில் இரண்டும் அடுக்காக இருக்கும். காட்டின் தந்தை எனப்படும் மரம் குறுக்கே 16 அடிக்கு மேல்; காட்டின் தாய் உச்சி முறியும் முன் 329 அடி. இரண்டும் தப்பின. அடர்ந்து எழும்பியிருக்கும் நீலப்பூப் புதர் சியானோதஸ். அதன் விதை தீயின் சூடு பட்டால்தான் முளைக்கும். மண்ணில் நைட்ரஜனையும் சேர்க்கும். களை என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள்.

காற்று பலமாக வீசும் நாளில் இங்கே வராதீர்கள். எரிந்த கொம்புகள் ஓசையில்லாமல் விழும். பட்ட மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்பிள்ட் முரெலெட் என்ற கடற்பறவை கடலில் மீன் பிடித்து, பல மைல் பறந்துவந்து, கிழ மரக் கிளையின் பாசியில் ஒரே ஒரு முட்டை இடும். அது எங்கே கூடு வைக்கிறது என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 1974-இல் இந்தப் பூங்காவின் முகாம் பகுதியில் மரம் கழிக்க ஏறிய தொழிலாளி ஒருவர் டக்ளஸ் ஃபிர் கிளையில், ஏறக்குறைய 150 அடி உயரத்தில், குஞ்சைப் பார்த்தார். நாம் சிந்தும் உணவுக்கு ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் கூடும்; கூடிய இடத்தில் முரெலெட் முட்டையையும் தேடித் தின்னும். ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. முறுக்கு, மிக்சர், பொரி வேண்டாம், உதிராமல் இருக்காது. சப்பாத்தி உருட்டியது, இட்லிப் பொடி தடவிய இட்லி சரியாக வரும். புளியோதரை கொண்டு வந்தால் மேசைமேல் துணி விரித்து, கடைசியில் துணியோடு சுருட்டி எடுத்துப் போங்கள்.

கடைசியாக, வளர்ச்சியைப் பதிந்து வைக்கும் வேலை. பாதையில் அசையாத அடையாளம் ஒன்றை, வேலிக் கம்போ எண் பலகையோ, தேர்ந்தெடுத்து அதில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். போனை நெட்டுக்குத்தாக, கண் உயரத்தில், 1x-இல் பிடித்து, ஒரே மரத்தின் அடியும் தரையும் கட்டாயம் வருமாறு ஒரு படம். அசையாமல் மேலே சாய்த்து நடுத்தண்டு ஒன்று, உச்சி ஒன்று. ஜூம் செய்தால் அடுத்த முறை ஒப்பிட முடியாது. இடத்தின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் படத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே நேரத்துக்கு வாருங்கள். வெளிச்சத்தின் திசை மாறினால் தளிரின் அடர்த்தி கூடியதா குறைந்ததா என்று படத்தில் தெரியாது.